டாலெக்குகள் பிறந்த கதை: ‘டாக்டர் ஹூ’ தொடரின் ‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ – மதிப்புரை

பிரிட்டனின் பிபிசி 1963ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரை முதன்முறையாகப் பார்க்க விரும்புபவர்களுக்குப் பழைய ரசிகர்கள் பரிந்துரைக்கும் கதைகளில் ‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ தவறாமல் இடம்பெறும். 1975 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை ஆறு சனிக்கிழமை மாலைகளில், ஏறத்தாழ 25 நிமிடப் பகுதிகளாக ஒளிபரப்பான இந்தக் கதை, ‘டாக்டர் ஹூ மேகசீன்’ 2009இல் அதுவரை வந்திருந்த 200 கதைகளுக்கும் வாசகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அதற்குக் காரணமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரே ஒரு காட்சியைவிட, அவ்வளவாகப் பேசப்படாத வேறு சில காட்சிகளே இந்தக் கதையைத் தாங்கி நிற்கின்றன என்பது என் கருத்து. கதையின் முடிவையும் சொல்லாமல் இதை விளக்க இயலாது என்பதால், அறியாமல் பார்க்க விரும்புபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

டாலெக்குகளை உருவாக்கியவர் கார்டிஃப் நகரில் 1930இல் பிறந்த எழுத்தாளர் டெர்ரி நேஷன். அவற்றுக்கு உருவம் கொடுத்தவர் பிபிசியின் வடிவமைப்பாளர் ரேமண்ட் குசிக். உலோகக் கூட்டுக்குள் பதுங்கியிருக்கும் உயிரி, நீண்ட கண் தண்டு, கரகரக்கும் குரல், தன் இனமல்லாத அனைத்தையும் அழிக்க வேண்டும் என்ற ஒற்றை நோக்கம் என்று 1963இலேயே அவை பிரிட்டிஷ் குழந்தைகளை நாற்காலிக்குப் பின்னால் ஒளிய வைத்தன. ஆனால் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்று என வந்த டாலெக் கதைகள் ஒன்றைப் போலவே மற்றொன்றும் அமையத் தொடங்கியிருந்தன. நேஷன் கொடுத்த புதிய கதைச் சுருக்கமும் அதே வழியில் செல்வதைக் கண்ட அன்றைய தயாரிப்பாளர் பேரி லெட்ஸ், டாலெக்குகள் எப்படித் தோன்றின என்பதை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். கதை படமாக்கப்பட்டபோது தயாரிப்புப் பொறுப்பு பிலிப் ஹிஞ்ச்கிளிஃபிடமும், கதைத் திருத்தப் பொறுப்பு ராபர்ட் ஹோம்ஸிடமும் சென்றிருந்தது. இயக்கியவர் டேவிட் மலோனி. இருண்ட கதைகளின் மீது புதிய அணிக்கு இருந்த நாட்டம் இதற்குப் பெரிதும் கைகொடுத்தது.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. டாலெக்குகள் எதிர்காலத்தில் பிரபஞ்சம் முழுவதையும் ஆளக்கூடும் என்று அஞ்சும் காலத் தலைவர்கள் (டாக்டரின் சொந்த இனத்தவரான ‘டைம் லார்ட்ஸ்’), காலத்தில் பயணம் செய்யும் நாயகனான டாக்டரையும் அவருடைய தோழர்களான சாரா ஜேன் ஸ்மித், ஹாரி சல்லிவன் ஆகியோரையும் ஸ்காரோ கோளுக்கு, டாலெக்குகள் உருவாவதற்குச் சற்று முந்தைய காலத்துக்கு அனுப்புகிறார்கள். அவற்றின் பிறப்பைத் தடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் அவற்றின் வளர்ச்சியை மாற்றி மூர்க்கத்தைக் குறைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அவற்றின் பலவீனத்தையாவது கண்டறிய வேண்டும். அங்கே கேலட், தால் என்னும் இரு இனங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டிடமும் எஞ்சியிருப்பது ஆளுக்கொரு கவிகை (குவிமாட) நகரமும், நடுவே நச்சுப் புகையும் பதுங்கு குழிகளும் நிறைந்த பாழ்நிலமும் மட்டுமே.

முதல் பகுதியின் முதல் பத்து நிமிடங்களுக்காகவே இந்தக் கதையைப் பார்க்கலாம். பனிமூட்டத்தின் நடுவே நச்சுவாயு முகமூடி அணிந்த வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாகி மெதுவாகச் சரிகிறார்கள். சர்ரே மாவட்டத்தின் பெட்ச்வொர்த் கல்குவாரியில் குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட இந்த வெளிப்புறக் காட்சிகளில் வானமும் மண்ணும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன. பதுங்கு குழிக்குள் இறங்கும் டாக்டர், அங்கே நிற்கும் வீரர்கள் பிணங்கள் என்பதையும், குழியில் ஆள் இருப்பதாக எதிரியை நம்பவைக்க அவை நிமிர்த்தி வைக்கப்பட்டிருப்பதையும் காண்கிறார். ஒரு பிணத்தின் உடையில் விலங்குத் தோலும் செயற்கை இழையும் சேர்ந்திருக்கின்றன. பழங்காலத் துப்பாக்கிக்கு அருகிலேயே கதிர்வீச்சை அளக்கும் கருவி இருக்கிறது. போர் நீள நீள வளம் தீர்ந்து, ஆயுதங்கள் முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்னோக்கிச் சென்றிருக்கின்றன என்பதைப் பார்வையாளர் இந்தச் சில பொருள்களிலிருந்தே புரிந்துகொள்கிறார். ஆயிரம் ஆண்டுப் போரைச் சொற்பச் செலவில் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இருக்க முடியாது. டாக்டரின் கால் கண்ணிவெடி ஒன்றின் மீது பட்டுவிட, அது அசையாமலிருக்க ஹாரி கற்களை அண்டைக் கொடுத்து அவரை விடுவிக்கும் காட்சியும் இங்கேதான் வருகிறது. வழக்கமான ‘டாக்டர் ஹூ’ அபாயம் போல் அது வேற்றுலக அரக்கனிடமிருந்து வரவில்லை. யாரோ என்றோ புதைத்துவிட்டு மறந்துபோன ஒரு பொருளிலிருந்து வருகிறது.

இனி டாவ்ரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேலட் அறிவியல் பிரிவின் தலைவனான இவன் பெரும் காயங்களுக்குப் பின் உயிர்காக்கும் கருவிகளின் துணையோடு சக்கர நாற்காலியில் வாழ்கிறான். நாற்காலியின் அடிப்பகுதி டாலெக்கின் கீழ்ப்பாதியேதான். ஒரு கை மட்டுமே இயங்கும். கண்களுக்குப் பதிலாக நெற்றியில் நீல ஒளி. முகமூடியைச் செய்தவர் சிற்பி ஜான் ஃப்ரீட்லாண்டர். அதற்குள் இருந்து நடித்தவர் மைக்கேல் விஷர். முகபாவம் எதுவும் வெளியே தெரியாது என்பதை உணர்ந்து, ஒத்திகையின்போதே காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு குரலால் மட்டும் நடித்துப் பழகியவர் இவர். முந்தைய கதைகளில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்த அனுபவமும் அவருக்கு உண்டு. அந்த அனுபவம் இங்கே எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும்: டாவ்ரோஸ் பேசத் தொடங்கும்போது தாழ்ந்த, நயமான, ஏறத்தாழ அன்பான குரல் இருக்கும், கோபம் ஏற ஏறச் சொற்கள் துண்டு துண்டாகி, இறுதியில் டாலெக்கின் அலறலாகவே மாறிவிடும். படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவை வசனம் எதுவும் இல்லாமலேயே இந்தக் குரல் நிறுவிவிடுகிறது.

டாவ்ரோஸ் தனியொரு பைத்தியக்கார விஞ்ஞானியாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு காலம் நிலைத்திருக்காது. அவனைச் சுற்றி ஒரு நிர்வாகம் இயங்குகிறது. பாதுகாப்புத் தலைவன் நைடர் (பீட்டர் மைல்ஸ்) மூக்குக்கண்ணாடி அணிந்து, கறுப்புச் சீருடையில், குரலை உயர்த்தாமல் வேலை பார்ப்பவன். போரின் விளைவாக உடல் திரிந்தவர்களை ஏன் பாழ்நிலத்துக்குத் துரத்துகிறீர்கள் என்ற பேச்சு எழும்போது, கேலட் இனம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு அலுவலக விதியைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு நகர்கிறான். நாஜி ஜெர்மனியை நினைவூட்டுவதற்காகவே சீருடை, வணக்கம், காலணி ஓசை எல்லாம் அமைக்கப்பட்டுள்ளன என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உலகப் போர் முடிந்து முப்பதே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில், சிறுவயதில் குண்டுவீச்சைக் கண்ட ஒருவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த வெளிப்படைத்தன்மை உறுத்தாது.

அறிவியல் பிரிவுக்குள்ளேயே மனச்சாட்சியுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கதையின் நடுப்பகுதிக்கு உயிர் தருகிறது. முதல் செயல்விளக்கத்தின்போது டாலெக் ஒன்று டாக்டரையும் ஹாரியையும் அந்நியர் என்று கண்டுகொண்டு சுடப் பார்க்க, ரான்சன் என்ற விஞ்ஞானி விசையை அணைத்து அவர்களைக் காப்பாற்றுகிறார். கேலட் அரசு தன் பணியை விசாரிக்கப் போகிறது என்று தெரிந்தவுடன் டாவ்ரோஸ் செய்வது என்ன? எதிரிகளான தால்களிடமே ரகசியமாகச் சென்று, தன் நகரத்தின் கவிகையை வலுவிழக்கச் செய்யும் வேதிச் சூத்திரத்தைக் கொடுக்கிறான். தால்களின் ஏவுகணை கேலட் நகரத்தை ஒரே அடியில் அழிக்கிறது. அதைப் பதுங்கறையின் திரையில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் துரோகத்தைச் செய்தவர் ரான்சன்தான் என்று சக ஊழியர்கள் முன்னிலையில் பழிசுமத்தி, டாலெக்குகளை விட்டே அவரைக் கொல்லச் செய்கிறான். ஒரு பழியில் விசாரணையும் முடிந்தது, எதிர்ப்பாளரும் ஒழிந்தார், புதிய ஆயுதமும் சோதிக்கப்பட்டது. குழந்தைகளும் பார்க்கும் மாலை நேர நிகழ்ச்சியில் அதிகார அரசியலை இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை இன்றும் வியக்கத்தான் வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி ஒழுக்கத்துக்காகப் போராடிய மேரி வைட்ஹவுஸ் அந்நாளில் இந்தக் கதையின் வன்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். துப்பாக்கிகளும் பிணங்களும் அவரை உறுத்தின; என்னைக் கேட்டால், ரான்சனின் சாவு அவற்றையெல்லாம்விடக் கொடியது.

ஐந்தாம் பகுதியில் கைதியாக இருக்கும் டாக்டருக்கும் டாவ்ரோஸுக்கும் நடக்கும் உரையாடலைத்தான் இந்தக் கதையின் உச்சம் என்று நான் கருதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்கிருமியை நீ உருவாக்கினாய், அது வெளியே வந்தால் எல்லா உயிர்களும் அழியும் என்று வைத்துக்கொள், அதை வெளியே விடுவாயா என்று டாக்டர் கேட்கிறார். இருவருக்கும் இடையே அப்போது பகை இல்லை. இரண்டு அறிவாளிகள் ஒரு கேள்வியை ஆராய்வது போன்ற அமைதி இருக்கிறது. டாவ்ரோஸுக்கு அந்தக் கற்பனை பிடித்துப்போகிறது. இயங்கும் அந்த ஒற்றைக் கையை மெல்ல உயர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடிக்கிறான். சற்று நசுக்கினாலே உடைந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்று சுவைத்துச் சொல்லிக்கொண்டே போகிறவன், ஆம், செய்வேன் என்கிறான். அந்த வல்லமை தன்னைத் தெய்வங்களுக்கும் மேலே உயர்த்தும் என்று குரல் வெடிக்கிறது. கேமரா அந்த விரல்களை விட்டு விலகாமல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த நொடியே டாக்டர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, உயிர்காக்கும் கருவியின் விசையை அணைத்துவிடுவதாக மிரட்டி, வளர்ப்பறையிலுள்ள டாலெக்குகளை அழிக்க உத்தரவிடச் சொல்கிறார். உத்தரவும் வெளிவருகிறது, ஆனால் நைடர் பின்னாலிருந்து டாக்டரை அடித்து வீழ்த்த, உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது. தத்துவ விவாதத்தில் தொடங்கி மல்லுக்கட்டில் முடியும் இந்தச் சில நிமிடங்களில் டாக்டராக வரும் டாம் பேக்கரின் நடிப்பும் தனியாகக் குறிப்பிடத்தக்கது. பிற கதைகளில் கண்ணை உருட்டிச் சிரிக்கும் அந்த மனிதர் இங்கே சிரிப்பதே இல்லை.

எல்லோரும் மேற்கோள் காட்டும் காட்சி ஆறாம் பகுதியில் வருகிறது. டாலெக் கருக்கள் வளரும் அறையில் வெடிபொருளை வைத்துவிட்டு, இரண்டு மின்கம்பிகளைக் கையில் ஏந்தி வாசலில் நிற்கிறார் டாக்டர். இரண்டையும் தொடவைத்தால் டாலெக் இனமே பிறக்காது. அவர் தயங்குகிறார். தமக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்கிறார். டாலெக்குகளின் அச்சத்தால் பகைமறந்து ஒன்றுசேரப் போகும் எதிர்கால உலகங்களை நினைக்கிறார். ஓர் இனத்தையே அழித்துவிட்டால் தாமும் டாலெக்குகளும் ஒன்றாகிவிடமாட்டோமா என்கிறார். வேண்டியதைச் செய்துமுடியுங்கள் என்று சாரா வற்புறுத்துகிறார். முள்மரத்தை இளங்கன்றாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்குச் சாராவின் பக்கமே சாய்வு தோன்றும். அந்தச் சாய்வோடு பார்ப்பவரையும் ஒரு கணம் நிறுத்திவைப்பதே காட்சியின் வெற்றி.

ஆனால் அதன் புகழுக்கு நடுவே ஒரு குறையை யாரும் அதிகம் பேசுவதில்லை. கேள்வியைக் கேட்ட டாக்டர் அதற்கு விடை சொல்வதே இல்லை. கார்மன் என்ற விஞ்ஞானி ஓடிவந்து, டாவ்ரோஸ் பணிந்துவிட்டான், டாலெக் திட்டம் மாற்றப்படப் போகிறது என்று செய்தி சொல்ல, டாக்டர் நிம்மதியோடு கம்பிகளைக் கழற்றிவிடுகிறார். அந்தச் செய்தி பொய்த்தபின் அவர் மீண்டும் அதே அறைக்கு ஓடுகிறார். அப்போது உரிமை பற்றிய தயக்கம் எங்கே போனது என்பதற்கு ஒரு வசனம்கூட இல்லை. கம்பிகளை இணைப்பதும் அவர் அல்ல: துரத்திவரும் டாலெக் ஒன்று அவற்றின் மேல் உருண்டு சென்று மின்சுற்றை முழுமையாக்கிவிடுகிறது. தம் இனத்தின் வளர்ப்பறையை ஒரு டாலெக்கே தகர்ப்பதில் உள்ள முரண்நகை அழகானதுதான். இருந்தாலும் அது எழுத்தாளர் தம் நாயகனின் கைகளைக் கழுவிவிட்ட இடம் என்பதையும் மறுக்க முடியாது. டாவ்ரோஸிடம் கேட்ட கேள்விக்குத் தயக்கமில்லாத விடை கிடைக்கிறது. தம்மிடமே கேட்டுக்கொண்ட கேள்விக்கு டாக்டர் விடை தரவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முதலாவதே உறுதியான எழுத்து என்பது விளங்கும்.

கார்மன் நம்பி ஏமாந்த அந்தச் சமரசக் காட்சியும் தனியாகப் பாராட்டத்தக்கது. கிளர்ச்சி செய்யும் விஞ்ஞானிகள், டாலெக்குகளுக்கு மனச்சாட்சியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். டாவ்ரோஸ் கோபப்படவில்லை, கூட்டம் கூட்டி வாக்கெடுப்பு நடத்தலாம் என்கிறான். அவர்கள் நல்லவர்கள் என்பதால் ஒப்புக்கொள்கிறார்கள். தால் நகரத்தில் படுகொலையை முடித்துவிட்டு டாலெக்குகள் திரும்பிவர ஆகும் நேரமே அவனுக்குத் தேவைப்பட்டது. அவை வந்து சேர்ந்ததும், எதிர்த்து நின்றவர்கள் அனைவரும் சுடப்படுகிறார்கள். அதன்பின் டாலெக்குகள் டாவ்ரோஸின் கட்டளைக்கும் கட்டுப்பட மறுக்கின்றன. எஞ்சிய தன் விஞ்ஞானிகளிடமாவது இரக்கம் காட்டும்படி அவன் கெஞ்சும்போது, அப்படியொரு கருத்தே தங்களுக்குள் பதியப்படவில்லை என்று அவை பதிலளிக்கின்றன. அதைப் பதியவிடாமல் தடுத்தவன் அவனேதான்.

குறைகள் வேறு சிலவும் உண்டு. குகைக்குள் ஹாரியின் காலைக் கவ்விக்கொள்ளும் ராட்சதச் சிப்பி, ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேலி செய்யும் அளவுக்கு மோசமான பொம்மை. ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடும் இரு நகரங்களும் நடந்தே சென்றுவிடும் தூரத்தில் இருப்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். மூன்றாம், நான்காம் பகுதிகளில் பிடிபடுவதும் தப்பிப்பதும் அளவுக்கு மேல் நடக்கின்றன. திரும்பிச் செல்வதற்கான கால வளையம் தொலைவதும் கிடைப்பதும் வெறும் இழுவை. ஏவுகணைக் கோபுரத்தின் சாரத்திலிருந்து சாரா விழும் தருணத்தில் காட்சியை உறையவைத்து இரண்டாம் பகுதியை முடித்துவிட்டு, அடுத்த வாரம் அவர் சற்றுக் கீழேயிருந்த மேடையில் விழுந்ததாகக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றும் வேலை. எலிசபெத் ஸ்லாடன் நடித்த சாராவையும், தால் பெண்ணான பெட்டனையும் தவிரப் பெண்களுக்குக் கதையில் இடமே இல்லை என்பதும் இன்று பளிச்சென்று தெரிகிறது.

ஆயினும் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றும் திறமை மெச்சத்தக்கது. டாலெக் கூடுகள் ஒரு சிலவே இருந்தபோதும், மலோனி அவற்றை நிழலிலும் கீழ்க்கோணத்திலும் காட்டி, கதையின் பெரும்பகுதியில் மறைத்தே வைத்து, இறுதியில் ஒரு படை வந்துவிட்டது போன்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறார். டட்லி சிம்சனின் இசை அடக்கமானது. பல இடங்களில் அது நின்றுபோவதே நல்ல முடிவாக இருக்கிறது.

வாங்கிப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில விவரங்கள். 2006இல் வந்த இரண்டு தட்டுகள் கொண்ட டிவிடியில் டாம் பேக்கர், எலிசபெத் ஸ்லாடன், பீட்டர் மைல்ஸ், டேவிட் மலோனி ஆகியோர் காட்சிகளோடு சேர்ந்து பேசும் உடனுரையும், கதை உருவான விதத்தை விளக்கும் ஒரு மணி நேர ஆவணப்படமும் உள்ளன. மைல்ஸ் தம் கொடூரப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதற்காகவே உடனுரையைப் போட்டுப் பார்க்கலாம். 2018இல் வெளியான பன்னிரண்டாம் பருவத்தின் புளூரே தொகுப்பில் ஐந்து கதைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. 1975 டிசம்பரில் ஒரே படமாகச் சுருக்கி மறுஒளிபரப்பு செய்யப்பட்ட வடிவமும் அதில் அடங்கும். அரங்கக் காட்சிகள் காணொளி நாடாவிலும் வெளிப்புறக் காட்சிகள் 16 மி.மீ. படச்சுருளிலும் பதிவானவை என்பதால், எவ்வளவு செப்பனிட்டாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியவே செய்யும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. டாலெக்குகளின் குரல் பழக்கமில்லாதவர்கள் ஆங்கில வசன வரிகளை இயக்கிக்கொள்வது நல்லது.

சுருக்கிய வடிவம் 85 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நேரமில்லாதவர்களுக்கு அது வசதியாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டங்களோடு சேர்த்து அலுவலக அரசியலும் அதில் கத்தரிக்கப்பட்டுவிடுவதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆறு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்க்காமல் நாளுக்கு இரண்டாகப் பார்த்தால் நடுவிலுள்ள தொய்வு அவ்வளவாகத் தெரியாது. டாவ்ரோஸ் 1979 முதல் பலமுறை தொடருக்குத் திரும்பி வந்திருக்கிறான். 2015ஆம் ஆண்டுக் கதையொன்றில் அந்த மின்கம்பிக் காட்சியின் துண்டே மீண்டும் காட்டப்பட்டது. அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன என்றாலும், மைக்கேல் விஷர் அந்தப் பாத்திரத்தைத் தொலைக்காட்சியில் ஏற்றது இந்த ஒரு கதையில் மட்டும்தான். எனவே டாவ்ரோஸை இங்கிருந்தே அறிமுகம் செய்துகொள்வதுதான் முறை.